ரேடியோவில் வந்த இரண்டு பெயர்கள்

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பதினாறு நாளுக்கு முன்னால் யாராவது வந்து, "உன் அக்காவுக்கு நினைவு மலரில் எழுதப் போகிறாய்" என்று சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன். அக்காவுக்கு நாற்பது வயதுதான். காய்ச்சல், தலைவலி என்று அவர் ஒரு நாள் படுத்து நான் பார்த்ததில்லை. அன்று புதன்கிழமை காலை, கூடலூர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், "தலை ஒரு மாதிரி இடிக்குது" என்று சொல்லிக் கொடிக்கம்பைப் பிடித்திருக்கிறார். மச்சான் ஜீப்பில் தூக்கிப் போட்டுக் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். பாதித் துணி கொடியில், பாதித் துணி வாளியில். நான் போய் வாளிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். துணி ஈரமாகத்தான் இருந்தது. அந்த ஈரம் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். சின்னமனூரில் அரிசி ஆலையில் மோட்டார் பார்க்கிறேன். எனக்கு எழுத்து சரளமாக வராது. வாத்தியார் யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். இதில் எழுத வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, அதை எழுத வேண்டிய ஆள் நான்தான். என் பிள்ளைகள் இருவருக்காகவும், அக்கா மகளுக்காகவும் எழுதுகிறேன். பெரியவர்களும் தயவுசெய்து படிக்க வேண்டும்.

அக்காவை எடுக்கிற நேரத்தில் தலை நரைத்த ஒருவர் வந்தார். மாலையைக் காலடியில் வைத்துவிட்டு, பந்தல் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றார். அப்படியே திரும்பிப் போய்விட்டார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நம் சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

"யாருடி அது?"

"தெரியலயா? அந்த ரேடியோக்காரன். எம்புட்டு வருசமாச்சு, இன்னும் மறக்காம வந்திருக்கான் பாரு."

"அடியாத்தி. அவனா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் உடம்பு முன்னாலேயே இருக்கிறது. இருபத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பேச்சு சாகவில்லை. அதைவிட மோசம், அக்கா மகளும் அதைக் கேட்டுவிட்டாள். மறுநாள் என்னிடம் தனியாக வந்தாள்.

"மாமா, ரேடியோக்காரன்னா யாரு? எங்கம்மாவுக்கு அவரு என்ன வேணும்?"

பதினேழு வயதுப் பெண். அழுது அழுது குரலே மாறிப்போயிருந்தது. "அப்புறம் சொல்றேன் ஆத்தா" என்றேன். இருபத்து மூன்று வருஷமாக நான் சொல்லிக்கொண்டு வருகிற அதே "அப்புறம்" தான். இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது. அவளுக்கு என் பதில் இது.

அக்கா பிறந்தது சின்னமனூரில், வாய்க்கால் பக்கத்துத் தெருவில். ஐயாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அக்காவுக்கு அடுத்து ஏழு வருஷம் கழித்து நான். ஆத்தா விடிவதற்குள் கொடிக்காலுக்குப் போய்விடுவதால் என்னைக் குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதெல்லாம் அக்காதான்.

பிள்ளைகளா, இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் டி.வி.யில் பாட்டுப் போட்டால் நம் தெருவே காலியாகிவிடுகிறது. எங்கள் காலத்தில் டூரிங் கொட்டகைதான். புதுப் படம் வந்தால் தட்டி கட்டிய மாட்டு வண்டி கொட்டு அடித்துக்கொண்டு வரும். வண்டியில் இருப்பவர் ரோஸ் கலர், மஞ்சள் கலர் நோட்டீஸை அள்ளி வீசுவார். நாங்கள் புழுதியில் விழுந்து பொறுக்குவோம். கொட்டகைக்குப் பின்னால் வெட்டிப் போட்ட பிலிம் துண்டு கிடைக்கும். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, அதற்கு முன்னால் பிலிமைப் பிடித்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால் ஐயாவின் வேட்டியில் படம் தெரியும். தலைகீழாகத் தெரிந்தாலும் கைதட்டுவோம்.

படத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போக முடியாது. ஆத்தாவுக்குத் துணையாக அக்கா மட்டும் போவார். மறுநாள் தெருப் பிள்ளைகளை வீட்டு வாசலில் உட்காரவைத்து முழுக் கதையையும் நடித்துக் காட்டுவார். பாதியில் நிறுத்தி, "இடைவேளை" என்பார். எல்லோரும் எழுந்து தெருமுனை வரை போய்விட்டு வரவேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தால் கதையைத் தொடர மாட்டார். திரும்பி வந்தால் ஆளுக்கு ஒரு கை பொரிகடலை கிடைக்கும்.

ஒரு தடவை எவனோ கேட்டான், "ஏங்க்கா, சண்டையே வரலையே?"

"ரீலு அந்துபோச்சுலே. கொட்டகைக்காரன் ஒட்டிக்கிட்டு இருக்கான். பொறு."

அப்போதே ஒரு சண்டையை அக்காவே உண்டாக்கி, தலையணையோடு உருண்டு காட்டினார்.

நாங்கள் பொறுக்கி வரும் நோட்டீஸ்களைத்தான் அக்கா தம் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையாகப் போடுவார். கணக்குப் புத்தகத்தில் ஒருவர் வாளைத் தூக்கிக்கொண்டு நிற்பார். விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு அம்மா அழுதுகொண்டிருப்பார். வகுப்பில் முதல் மாணவி என்பதால் வாத்தியார்கள் ஒன்றும் சொல்வதில்லை. அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்பது பதினோராம் வகுப்பு. எங்கள் தெருவில் அதுவரை போன முதல் பெண் அக்காதான். அதை முடித்து டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஐயாவும் சரி என்றிருந்தார்.

அந்த வருஷம் எனக்குப் பத்து வயது. எங்கள் தெருவுக்கு ஒரே ரேடியோ சைக்கிள் கடையில்தான். கடை வைத்திருந்தவர் இருபத்திரண்டு வயது அண்ணன். ரேடியோவுக்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நேயர் விருப்பம். பாட்டு வேண்டுமென்றால் கார்டு எழுதிப் போட வேண்டும். பாட்டுக்கு முன்னால், கேட்டவர்களின் ஊரையும் பெயரையும் வாசிப்பார்கள். நம் ஊர்ப் பெயர் வந்தாலே கடை முன்னால் விசில் பறக்கும். என் பெயர் ஒரு தடவை அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்துவிட்டால் போதும், அப்புறம் சாகலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார்டில் நிறையப் பெயர் இருந்தால்தான் எடுப்பார்கள் என்று பையன்கள் சொன்னார்கள். வாத்தியார் கடிதம் எழுதிப் பழகச் சொன்னார் என்று பொய் சொல்லி அக்காவிடமே ஒரு கார்டு வாங்கினேன். எனக்கு மிகவும் பிடித்த பாட்டைக் கேட்டு எழுதினேன். குரங்கு மாதிரிக் கத்திக்கொண்டே பாடுகிற காமெடிப் பாட்டு அது. கீழே பெயர்கள். முதலில் அக்கா, எனக்கு எல்லோரையும் விட அவரைத்தான் பிடிக்கும். இரண்டாவது சைக்கிள் கடை அண்ணன், அவருடைய ரேடியோவில்தானே கேட்கப் போகிறேன். பிறகு என் கூட்டாளிகள். பெயர் பற்றாமல் எங்கள் வண்டிமாடு மயிலையின் பெயரையும் ஒன்பதாவதாகச் சேர்த்தேன். மொத்தம் பதினோரு பெயர். தன் பெயரைக் கடைசியில் எழுதுவதுதான் மரியாதை என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் என் பெயர் பதினோராவது.

ஒன்றரை மாதம் கழித்து அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அண்ணன் தண்ணீர்த் தொட்டியில் டியூப்பை அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். ரேடியோ, "சின்னமனூரிலிருந்து" என்றது. அக்காவின் பெயரைச் சொன்னது. அடுத்து அண்ணன் பெயரைச் சொன்னது. "மற்றும் பலர்" என்றது. பாட்டைப் போட்டுவிட்டது.

அந்தப் பலரில் கடைசி ஆள் நான். என் பெயர் வரவில்லையே என்று அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். சுற்றி இருந்தவர்கள் முகம் மாறியதை நான் கவனிக்கவே இல்லை.

"என்னப்பா, காத்தடிக்கத்தேன் தெரியும்னு நெனச்சோம். பாட்டெல்லாம் கேக்கத் தெரியுதே."

"பலராம்ல, பலரு. அவுக ரெண்டு பேரு, அப்பறம் பலரு."

"ஏய், சும்மா இருங்கப்பா. அந்தப் புள்ளையோட தம்பி அங்கன நின்னு அழுகுறான் பாரு. மானம் போச்சேன்னு அழுகுறான்."

அண்ணன் டியூப்பைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார். "எங்காத்தா மேல சத்தியமா நான் எழுதலப்பா" என்றார். ரேடியோவில் குரங்கு கத்திக்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டவர்கள் ஒருவரும் அந்தப் பாட்டைக் கேட்கவில்லை.

ஐயா கொடிக்காலிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் வழியில் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். வண்டியை அவிழ்க்காமல், மாட்டுச் சாட்டையைக் கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ரேடியோவுல ஓம் பேரு எப்படி வந்துச்சு?"

"எந்த ரேடியோவுலய்யா?"

"சைக்கிள் கடக்காரன் பேரோட சேந்து வந்திருக்கு. ஊரே சிரிக்குது. யாரு எழுதுனது?"

அக்கா திரும்பிப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கார்டு வாங்கிய நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டார். அதற்குப் பத்து நாள் முன்னால்தான், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக் கொட்டகைப் பக்கம் பிலிம் பொறுக்கப் போனதற்காக ஐயா அதே சாட்டையால் என்னை அடித்திருந்தார். காய்ச்சலில் நான்கு நாள் கிடந்தேன். முதுகுக்கு மருந்து போட்டது அக்காதான்.

"நான்தேன்யா எழுதுனேன். வெளையாட்டுக்கு" என்றார்.

ஐயாவின் கை இறங்கிவிட்டது. வயது வந்த பிள்ளையை அவர் அடிக்க மாட்டார். "நாளையிலருந்து பள்ளிக்கூடம் போக வேணாம்" என்றார். சாட்டையை ஆணியில் மாட்டிவிட்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

அக்காவின் முகத்தை அப்போது பார்த்தேன். அடி விழுந்தால்கூட மனிதர் முகம் அப்படி ஆகாது. அவர் இதை எதிர்பார்க்கவே இல்லை. மறுநாள் கிணற்றடியில் கேட்டேன், "ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"ஒன்னைய இன்னொரு தடவ அடிச்சா தாங்க மாட்டடா. என்னைய அடிக்க மாட்டாக, ரெண்டு வார்த்த வைவாகன்னு நெனச்சேன். பள்ளிக்கூடம் நெனப்புலயே வரல."

"நான் போயிச் சொல்லிரவா?"

"இப்பச் சொன்னா பொய் சொன்னதுக்கு ரெண்டு பேருக்கும் விழுகும். பேசாம இரு. பரிச்சைக்குள்ள ஐயா எறங்கிருவாக." அப்புறம் கேட்டார், "அப்படி யாரு யாரு பேருடா எழுதுன?"

சொன்னேன். மயிலை பெயர் வந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பயம் போய்விட்டது. அங்கேதான் நான் உண்மையைச் சொல்லாமல் தப்பித்துக்கொண்டேன்.

ஐயா இறங்கவில்லை. பரீட்சை வந்தது, போனது. வாள் தூக்கியவரும் அழுகிற அம்மாவும் அலமாரியில் அப்படியே இருந்தார்கள். அக்காவே நான்தான் என்று சொல்லிவிட்டதால் சைக்கிள் கடை அண்ணனின் சத்தியத்தையும் யாரும் நம்பவில்லை. ஒரு மாதத்தில் கடையைக் காலி செய்துவிட்டுப் போடி பக்கம் போய்விட்டார். தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டுகிற மச்சான் கிடைத்தது எங்கள் குடும்பம் செய்த பாக்கியம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். டீச்சராகப் போக இருந்தவரை நான் நிறுத்தினேன். "நீயாவது படி" என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நான் எட்டாவதோடு நின்றேன்.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நினைப்பேன். பத்து வயதில் அடிக்குப் பயந்தேன். இருபது வயதில் வெட்கம். கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, பழசை எதற்குக் கிளற வேண்டும் என்று ஒரு சாக்கு. நான் கூடலூர் போகும்போதெல்லாம் அக்கா, "வாடா, மயிலை நல்லா இருக்கா?" என்றுதான் கேட்பார். மாடு செத்துப் பல வருஷம் ஆன பிறகும் அப்படித்தான் கேட்டார். ஒரு நாள் கூடக் குத்திப் பேசியதில்லை.

அவர் கூடலூரில் வாழ்ந்த வாழ்க்கை அங்கே வந்து அழுத கூட்டத்துக்குத் தெரியும். கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லாமல் கேட்ட பேச்சுக்களையும் பொறுத்துக்கொண்டார். எஸ்டேட்டிலிருந்து இறங்கி வரும் பெண்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பாஷையிலும் பாடம் சொல்லித் தந்தார். பாடத்தின் நடுவில் "இடைவேளை" விட்டு வெளியே அனுப்பி, திரும்பி வந்தால் பொரிகடலை தருவாராம். அந்தப் பிள்ளைகள் சொல்லி இப்போதுதான் எனக்குத் தெரியும்.

அவர் இறந்த வாரம், திங்கட்கிழமை, எனக்கு அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மகள் பிளஸ் டூ எழுதிவிட்டாள், காலேஜ் போக ஆசைப்படுகிறாள், ஐயா வேண்டாம் என்கிறார், ஐயா சொல்லை மச்சான் மீற மாட்டார் என்று எழுதியிருந்தார். "ஞாயிற்றுக்கிழமை நான் சின்னமனூர் வருகிறேன். ஐயாவிடம் பேசுவோம். இந்தத் தடவை நீ வாயைத் திறக்க வேண்டும்" என்று முடித்திருந்தார்.

அவர் அதற்கு முன் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றவர் புதன்கிழமையே போய்விட்டார்.

பத்தாம் நாள் மச்சானிடம் எல்லாவற்றையும் சொல்லி, "இத அச்சுல போடலாமா மச்சான்?" என்று கேட்டேன்.

"போடு மாப்ள. கல்யாணத்தன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டா. மாட்டுப் பேரு வரைக்கும். நீயாச் சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தா" என்றார்.

அன்றைக்கே கொடிக்காலுக்குப் போனேன். ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்த ரேடியோக் கார்டு நான் எழுதுனது. அக்கா எழுதல."

அடுக்கிய கை நின்றது. "அவதான சொன்னா, நான்தேன்னு?"

"உங்க கையில சாட்டை இருந்துச்சுய்யா."

அடிப்பார், இல்லை அழுவார் என்று நின்றேன். இரண்டும் இல்லை.

"என்ன பாட்டு அது?" என்று கேட்டார்.

"கொரங்குப் பாட்டுய்யா. கொரங்கு மாதிரிக் கத்திக்கிட்டே பாடுவாகள்ல, அது."

"கொரங்குப் பாட்டா?"

"ஆமாய்யா."

"வழியில மூணு பேரு சொன்னாக. பேரச் சொன்னாக. பாட்ட ஒருத்தரும் சொல்லல. நானும் கேக்கல." கையிலிருந்த வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்லடா. பதினொன்னாவது படிக்கிற புள்ள கொரங்குப் பாட்டா கேக்கும்?"

மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கூடலூர் வந்து பேத்தி முன்னால் நின்றார்.

"அந்தக் காலேஜு எங்கன இருக்கு? தேனியிலயா?"

"உத்தமபாளையத்துல தாத்தா."

"அப்பப் பக்கந்தேன். அப்ளிகேசன் பாரம் வாங்கிட்டு வரச் சொல்லு ஒங்கப்பன. நானும் கூட வர்றேன்."

ஆத்தா, உன் கேள்விக்கு இதுதான் பதில். வந்தவர் உன் அம்மாவுக்கு எந்த விதத்திலும் உறவு இல்லை. ஒரு பத்து வயதுப் பையன் எழுதிய கார்டினால் ஊரை விட்டுப் போனவர். அவரைத் தேடிப் போய் நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ மானம் போச்சேன்னு அழுகுறன்னு இம்புட்டு நாளா நெனச்சிருந்தேன்டா" என்றார். அப்புறம் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். உன் அம்மாவைப் பற்றி இனி யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் இந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டு.

ஜீப்பை முந்தவிட்டு வழி ஒதுங்கிய லாரிக்காரர்களுக்கும், கம்பம் ஆஸ்பத்திரியில் எங்களோடு நின்றவர்களுக்கும், மேலே எஸ்டேட்டிலிருந்து நடந்தே இறங்கி வந்த பெண்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், பதினாறு நாளும் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த கூடலூர்த் தெருவுக்கும், சேதி கேட்டதும் வந்து நின்ற சைக்கிள் கடை அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதற்குக் கீழே குடும்பத்தார் பெயர்கள் வருகின்றன. அச்சாபீஸ் அண்ணன், "எழுதுனவன் பேரு கடைசியிலதானப்பா போடுவாக, அதான மரியாத?" என்றார். இந்த ஒரு தடவை என் பெயரை முதலில் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இடம் பற்றவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்கிக் கொள்ளட்டும். எத்தனை வரி போனாலும் "மற்றும் பலர்" என்று மட்டும் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.